புதுப்பிப்பு: மாவுக்கட்டுக்குள் மறைந்த பாப்பாவின் விரல்கள்

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: வளைபாதத்துக்கு (பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைந்திருப்பது) மாவுக்கட்டு போட்ட என் மகளின் கால்விரல்கள் கட்டுக்குள் மறைகின்றனவே, அடுத்த வாரம் வரை பொறுக்கலாமா என்று. "இன்றே போங்கள்" என்று எழுதிய அக்காவுக்கு என் நன்றி. போனோம். கட்டு நழுவியிருந்தது. நழுவிய கட்டு பாதத்தைத் திருத்தாது, அழுத்திப் புண்ணாக்கிவிடும் என்றார் செவிலியர். உடனே ஊறவைத்து எடுத்து, முழங்காலை மடக்கித் தொடை வரை புதுக்கட்டு போட்டார்கள்.

விரல்களுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க அவரே ஒன்று கற்றுக்கொடுத்தார். விரல் நுனியை லேசாக அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு மூன்று வினாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் பார்த்தேன்.

மொத்தம் ஆறு கட்டு. அப்புறம் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு, மூன்று வாரக் கடைசிக் கட்டு. அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் இக்னேசியோ பொன்செட்டி உருவாக்கிய முறை இது.

இப்போது கம்பியால் இணைத்த ஷூ. நாளுக்கு 23 மணி நேரம், மூன்று மாதம். பிறகு நான்கு வயது வரை தூங்கும்போது மட்டும். முதல் இரண்டு இரவும் ஒரே அழுகை. கழற்றிவிடலாமா என்று கை போனது. கழற்றினால் பாதம் மறுபடி வளையும். இரண்டு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டச் சொன்னார் செவிலியர். மூன்றாம் நாள் அவளே உதைக்க ஆரம்பித்துவிட்டாள்!

காலுறையில் சுருக்கம் இருக்கக் கூடாது, சிவந்த இடத்தில் கிரீம் தடவக் கூடாது. குதிகால் ஷூவுக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.