இருவர் மூளையை ஒருசேரப் பதிவு செய்வது குறித்து உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள கொலுசுப் பட்டறை ஒன்றில், மூத்த கைவினைஞர் புதியவருக்குத் தொழில் கற்றுத்தரும்போது இருவரின் மூளைச் செயல்பாட்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க விரும்பும் ஆய்வு மாணவி நான். எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால், தொப்பிபோல் அணிந்துகொண்டு, அகச்சிவப்பை ஒட்டிய ஒளியால் மூளை மேற்பரப்பின் ஆக்சிஜன் மாற்றத்தை அளக்கும் எஃப்நிர்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அடர்ந்த கருமுடி (நம் ஊரில் எண்ணெய் வேறு) ஒளியைத் தடுப்பதை எவ்வாறு சமாளிக்கிறீர்கள்? அதைவிடப் பெரிய சிக்கல், கற்பித்தலால் அன்றி, ஒரே சுத்தியல் ஓசையைக் கேட்பதாலேயே இருவரின் மூளைப் பதிவுகளும் ஒத்துப்போகக்கூடும் என்பதுதான். ஒன்றாக அமராத இருவரின் வெவ்வேறு நாள் பதிவுகளைப் போலி இணைகளாகச் சேர்த்து ஒப்பிட்டால், அந்த இருவரும் ஓசையை ஒரே கணத்தில் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால், அது போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. கற்பித்தலில் பங்கேற்காமல், அதே ஓசையைக் கேட்டபடி அருகில் அமர்ந்திருக்கும் மூன்றாமவரையும் ஒப்பீட்டுக்காகப் பதிவு செய்யலாமா? இத்தகைய ஆய்வில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.