இசைத்தட்டு வெட்டும் கருவிக்கு ஒரு பெயர்

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாலை வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, நாமே இசைத்தட்டு வெட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறோம். காவடிப் பாடல்களை நினைவிலிருந்தே பாடும் பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் குரலைத் தட்டில் ஏற்றிப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் செய்முறைத் தாளைத் தமிழில் எழுதித் தர வேண்டிய நான், கருவிக்குப் பெயர் தெரியாமல் முதல் வரியிலேயே நிற்கிறேன்.

சுழலும் வெற்றுத் தட்டின் மேல் சூடேற்றிய வைர ஊசி இறங்கி, பாட்டு ஓடும் நேரம் முழுவதும் வெட்டிக்கொண்டே போகிறது. நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிடம், ஒரு முறைக்கு ஒரு தட்டு. வெட்டிய இடத்திலிருந்து தலைமுடி போலக் கறுப்பு இழை கிளம்பும். அதை ஒரு குழாய் உடனுக்குடன் உறிஞ்ச வேண்டும். முதல் நாள் நான் குழாயைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டதால், இழை ஊசியைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் கண்ணி முழுவதும் பாழாயிற்று.

'பதிவுக் கருவி' என்றால் ஒலிநாடாவும் பதிவுதான். 'அச்சு' என்றால் ஆலையில் அச்சுத் தகட்டால் அழுத்தி எடுக்கும் படிகளைக் குறிக்கும். பிள்ளைகள், செதுக்குவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் 'கிராவே' என்கிறார்கள். குறுந்தட்டில் (சி.டி.யில்) பதிவதற்கும் அதே சொல்தான். 'இசைத்தட்டுவெட்டி' என்று எழுதலாமா?

மோக்காவிலிருந்து:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பாக்குவெட்டியும் நகவெட்டியும் இரண்டாம் வேற்றுமைத் தொகைகள். முன்னால் நிற்கும் பொருள் துண்டாகிவிடும். கல்வெட்டு அப்படியன்று, கல்லில் வெட்டியது என்று ஏழாம் வேற்றுமையில் விரியும். உங்கள் சொல்லைக் கேட்பவர் தட்டு துண்டாவதையே நினைப்பார்.

நம் நாட்டில் வழங்கும் பிரெஞ்சையே பாருங்கள். 'சியோன்' என்பது ஏர் உழுத கோடு. தட்டில் ஓடும் கோடும் அதுவே. 1948இல் வந்த, நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு அதனால்தான் 'மிக்ரோசியோன்' (நுண்கோடு) ஆயிற்று. அதற்கு நேராக நமக்குச் 'சால்' உண்டு, 'படைச்சால்' உண்டு. எடிசன் 1877இல் செய்த உருளையில் ஊசி மேலும் கீழுமாக ஆழம் மாற்றிச் சென்றது. இசைத்தட்டைக் கண்டுபிடித்த பெர்லினரின் தட்டில் இடமும் வலமுமாக அசைந்தது. எப்படிச் சென்றாலும் அது உழவே. தவிலின் அடி ஓங்கி விழும் இடத்தில் ஊசி அகல ஆடிப் பக்கத்துக் கோட்டில் ஏறிவிடுவதும், சாலை நெருக்கி உழுதவனுக்கு நேர்வதைப் போன்றதே. இயந்திரமும் பொறி, இமயத்தில் சோழன் புலிச்சின்னம் பொறித்தான் என்பதிலும் அதே பொறி. ஆகவே 'ஒலிச்சால் பொறி' என்பதே என் முடிவு.

போர்ட் லூயிஸிலிருந்து:

ஐயா, சால் அழகான சொல். ஆனால் தாளைப் படிக்கப்போகும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுபவர்கள். வாரத்தில் சில மணி நேரமே தமிழ் அவர்கள் காதில் விழுகிறது. உங்கள் மடலிலேயே 'சாலை நெருக்கி' என்று வந்த இடத்தில், ஐயுருபு ஏற்ற சால் என்று உணர நான் இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் தெரு என்றே படிப்பார்கள். என் அப்பா கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்; அவர் வாயிலும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. 'இசைத்தட்டு வெட்டும் மெஷின்' என்றால் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ரோஸ்ஹில்லிலிருந்து, வியாழன் இரவு:

நாளை தாள் பிள்ளைகளிடம் போக வேண்டும். தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் 'வெட்டும்' என்பதன் பக்கமே நின்றதால், 'இசைத்தட்டு வெட்டும் பொறி' என்று எழுதிவிட்டேன். கோட்டுக்கு 'ஒலிச்சால்' என்பதை வைத்துக்கொண்டேன். 'ஒலிச்சாலை' என்று வந்தால் பாடசாலை போல ஒரு கட்டடம் ஆகிவிடும் என்பதால், ஐயுருபு சேர வேண்டிய இடங்களில் எல்லாம் 'ஒலிச்சால் விழும்போது' என்பது போல வாக்கியத்தையே மாற்றியமைத்தேன்.

மோக்காவிலிருந்து:

பெரும்பான்மைக்கு நான் தடை சொல்லவில்லை. ஆயினும் இசைத்தட்டு துண்டாவதாகவே எனக்கு இன்னும் கேட்கிறது. தாளை மறுபடி அச்சிடும்போது, 'இசைத்தட்டில் வெட்டும்' என்று அந்த ஓர் உருபையாவது சேர்த்துவிடுங்கள்.