முகம் திகுதிகுன்னு எரியுது: ரோசேஷியா உள்ளவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க (புதுச்சேரி, கடலூர்)

லாஸ்பேட்டை டீச்சர்:

கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், "மிஸ், அழுதீங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அழவெல்லாம் இல்லை. இரண்டு கன்னமும் மூக்கும் சூடேறி, மிளகாய் பட்டதுபோல் எரியும். நான் மாநிறம். அதனால் படங்களில் காட்டுகிற மாதிரி ரோஜா நிறத்தில் சிவக்காது. கறுத்துச் சிவந்து, வதங்கிய மாதிரி ஒரு நிறம் வரும். பார்ப்பவர்களுக்கு "வெயில்ல கறுத்துட்டீங்க", அவ்வளவுதான். எரிச்சல் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சூட்டு உடம்பு, பித்தம், ரத்தத்தில் அழுக்கு என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கோரிமேட்டில் ஜிப்மர் தோல் பிரிவில் காட்டியபோதுதான் ரோசேஷியா என்ற பெயர் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, சாதாரணப் பருவாக இருந்தால் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும், உங்களுக்கு அவை இல்லை, மெல்லிய ரத்தக் குழாய்கள்தான் விரிந்து தெரிகின்றன என்றார்கள். அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றும் சொன்னார்கள். மெட்ரோனிடசோல் ஜெல் எழுதிக் கொடுத்தார்கள். அது ஒரு வாரத்தில் வேலை செய்கிற மருந்து இல்லை. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஜெல்லைவிட எனக்கு உடனே ஆறுதல் தந்தது தண்ணீர் விஷயம். எங்கள் வீட்டில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும். பள்ளி விட்டு வந்ததும் குழாயைத் திறந்து முகம் கழுவினால் எரிச்சல் இரட்டிப்பாகும். இப்போது காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடுகிறேன். அந்தத் தண்ணீரில் பழைய மல் துணியை நனைத்துப் பிழிந்து, முகத்தில் பத்து நிமிடம் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்காருவேன். துடைப்பதில்லை, ஒற்றி எடுப்பேன். ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத க்ரீம். ஐஸ் கட்டியை நேராக வைக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த நேரத்துக்கு மரத்துப்போகும், பிறகு முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

நம் ஊர் வெயிலில், வியர்வையில், இந்தச் சாப்பாட்டில் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை மெஸ் அக்கா:

டீச்சரம்மா, உங்களுக்காவது கரும்பலகை. எனக்கு இட்லி குண்டான்! மூடியத் திறந்தா ஆவி நேரா மூஞ்சிக்குத்தான். வறமிளகா வறுக்கிற அன்னிக்கு மூக்கு நுனி வரைக்கும் கொப்புளம் கொப்புளமா வந்து நிக்கும்.

டாக்டரம்மா சொன்னாங்க, காரம் குறைக்கணும், சூடா எதுவும் சாப்பிடக் கூடாது, அடுப்புகிட்ட நிக்கக் கூடாது. நான் சொன்னேன், மேடம் அதுக்கு மெஸ்ஸை மூடிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு. சிரிச்சாங்க. அப்புறம் ஒரு வழி சொன்னாங்க: எல்லாத்தையும் ஒரே நாள்ல விடாதீங்க, எது உங்களுக்கு ஆகலைன்னு எழுதி வச்சுப் பாருங்கன்னு. காலண்டர் தாள் பின்னாடி எழுதினேன். பாத்தா எனக்குக் காரம் அவ்வளவு பண்ணல, சூடுதான் பண்ணுது. அதே மீன் குழம்பு ஆறினதும் சாப்பிட்டா ஒண்ணும் இல்ல. காபியும் அப்படித்தான். ஆத்தி ஆத்தி வெதுவெதுப்பா குடிச்சா மூஞ்சி சும்மா இருக்கு. என் நாத்தனாருக்கும் இதே வியாதி. அவளுக்குக் கத்திரிக்காயே ஆகாதாம், எனக்கு அது பஞ்சாமிர்தம். ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஆகும், அதனால அடுத்தவங்க பட்டியலைப் பாத்துப் பத்தியம் இருக்காதீங்க.

அடுப்பங்கரையில டேபிள் ஃபேனைப் பக்கவாட்டுல வச்சிருக்கேன். மூடியை என் பக்கம் திறக்காம எதிர்ப்பக்கம் சாய்ச்சுத் திறக்கறேன். மிளகா வறுக்கிறதை விடியக்காலையிலயே முடிச்சுடறேன்.

திருப்பாதிரிப்புலியூர் மருந்தாளர்:

அக்கா சொல்றதுல விஷயம் இருக்கு. மிளகாயில இருக்கிற கேப்சைசினும் சூடும் நம்ம நரம்புல ஒரே உணர்வியைத்தான் தூண்டுது. அதனாலதான் காரம் சாப்பிட்டாலும் உடம்பு "சுடுது"ன்னு நினைச்சு ரத்தக் குழாயை விரிக்குது. ரோசேஷியா இருக்கிறவங்களுக்கு இந்தத் தூண்டல் கொஞ்சத்துலயே எகிறும். காரமும் சூடும் சேர்ந்து வந்தா சொல்லவே வேண்டாம்.

நான் எழுத வந்தது வேற. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிற எனக்கு, முகம் எரியுதுன்னு வர்றவங்கள்ல பாதிப் பேர்கிட்ட ஒரே கதைதான் கேட்குது. "பக்கத்து வீட்டுப் பொண்ணு போட்டா பளிச்சுன்னு ஆச்சு, அதே ட்யூப்பு குடுங்க." அந்த ட்யூப்பைத் திருப்பிப் பார்த்தா பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், இல்லன்னா மொமெட்டசோனோட ஹைட்ரோக்வினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்த கலவை. எல்லாத்துலயும் ஸ்டீராய்டு இருக்கு. போட்ட ஒரு வாரத்துல சிவப்பு அடங்கும், நிறம் கூடும், மருந்து தெய்வமாத் தெரியும். மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரிஞ்சு, பரு கிளம்பும். நிறுத்தினா பத்து மடங்கு எரியும். எரியுதேன்னு திரும்பப் போடுவாங்க. ஸ்டீராய்டால சேதமான இந்த முகத்துக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனியாப் பேரே வச்சிருக்காங்க.

2018ல இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு அறிவிக்கை போட்டுது. அப்புறமும் கேட்டு வர்றாங்க. குடுக்கலன்னா "உங்ககிட்ட ஸ்டாக் இல்லையா"ன்னு என்னையே திருப்பிக் கேட்கறாங்க! அடுத்த தெருவுல வாங்கிடுவாங்கன்னு எனக்கும் தெரியும்.

ரொம்ப நாளாப் போட்டிருந்தீங்கன்னா இதைப் படிச்சுட்டு இன்னிக்கே தூக்கிப் போட்டுடாதீங்க. ட்யூப்பையும் எடுத்துக்கிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்க. எப்படிக் குறைக்கிறது, எரிச்சலுக்கு நடுவுல என்ன கொடுக்கிறதுன்னு அவங்க பார்த்துப்பாங்க.

கடலூர் ஓ.டி. ஏலக்காரர்:

மீன் ஏலம் விடுற ஆளு நானு. வெயில், உப்புக் காத்து, கத்துறது, எல்லாம் சேர்ந்து மூக்கு செவந்து பெருத்துப் போச்சு. இந்த ஊருல, அதுவும் பாண்டிக்கு இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டு, ஒருத்தனுக்கு மூக்கு செவந்தா என்ன சொல்லுவாங்கன்னு நான் சொல்லணுமா? "அண்ணன் காலையிலயே ஆரம்பிச்சுட்டாரு." நான் சொட்டுத் தொடாதவன். பொண்ணு பாக்க வந்த சம்பந்தி கூட என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய் விசாரிச்சாரு. பொண்டாட்டி வந்து சாமி மேல சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு.

மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரியில காட்டினேன். குடிச்சா இது இன்னும் செவக்கும்தான், ஆனா குடிக்காதவங்களுக்கும் வரும், மூக்கு தடிக்கிறது ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்னு டாக்டர் சம்பந்தி முன்னாடியே சொன்னாரு. (அவரையும் கூட்டிட்டுத்தான் போனேன், பின்ன?) டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் பூசுற மருந்தும் குடுத்தாரு. கொப்புளம் நின்னுது. தடிச்ச சதை மட்டும் மாத்திரைக்குக் கரையாதாம், வேணும்னா லேசர் வச்சோ அறுத்தோதான் சீவணும்னாரு. இருக்கட்டும்னு விட்டுட்டேன். இதே மாதிரி மூக்கு நுனி தடிக்க ஆரம்பிச்சிருந்தா சின்னப் பசங்க சீக்கிரமாப் போய்ப் பாருங்கப்பா.

சன்ஸ்கிரீன் வெள்ளையா அப்பிக்கிட்டு ஏலத்துல நின்னா சிரிப்பாங்க. அகலமான பனையோலைத் தொப்பி போட்டுக்கறேன்.

வில்லியனூர் பொண்ணு:

அண்ணே, உங்க சம்பந்தி கதைய எங்க வீட்ல சத்தமாப் படிச்சுக் காட்டினேன் 😄

தோல் நிறத்துலயே கலர் கலந்த சன்ஸ்கிரீன் இப்ப வருது. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இருக்கிறதா, எஸ்பிஎஃப் 30க்கு மேல இருக்கிறதா பாத்து வாங்குங்க. எனக்கு மத்த சன்ஸ்கிரீன் எல்லாம் கண்ணைச் சுத்தி எரிஞ்சுது, ஜிங்க் மட்டும்தான் ஒத்துக்கிச்சு.

என் கேஸ் வேற மாதிரி. வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் ஆசிட், ரெட்டினால், டோனர், ஷீட் மாஸ்க்னு எங்க ஹாஸ்டல் ரூம்ல அலமாரியே மருந்துக்கடை மாதிரி இருக்கும். தோல் டாக்டர் எல்லாத்தையும் மேசை மேல வைக்கச் சொல்லி, ஒவ்வொண்ணா ஓரமாத் தள்ளி, கடைசியில மூணு மட்டும் விட்டாங்க: நுரைக்காத க்ளென்சர், செராமைடு க்ரீம், சன்ஸ்கிரீன். தோலோட மேல் சுவர் சரியாகிற வரைக்கும் வேற எதுவும் வேணாம்னுட்டாங்க. அது சரியானதும் அசெலாயிக் ஆசிட் 15 சதவீத ஜெல். ஆரம்பத்துல சுருக்குன்னு குத்தும், முதல்ல க்ரீம் போட்டுட்டு மேல இதைப் போட்டா பரவாயில்ல.

எங்க சித்தப்பா பாரிஸ்ல இருக்காரு. வர்றப்பல்லாம் ஆவேன் ஸ்ப்ரே, லா ரோஷ் போசே க்ரீம்னு பெட்டி நிறைய. ஸ்ப்ரே அடிச்சா சுகமாத்தான் இருக்கு. ஆனா அடிச்சுட்டு அப்படியே காயவிட்டா தோல் இன்னும் இழுக்குது, ஒத்தி எடுத்துட்டு உடனே க்ரீம் போடணும். உண்மையச் சொல்லணும்னா டீச்சரோட மல் துணியும் அதே வேலையத்தான் செய்யுது.

அரியாங்குப்பம் அம்மா:

என் மகளுக்கு இருக்கு. ஒரே துண்டு பயன்படுத்தினால் தம்பிக்கும் ஒட்டிக்கொள்ளுமா? தோலில் பூச்சி இருப்பதால் வருகிறது என்று யாரோ சொன்னார்கள், பயமாக இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் மருந்தாளர்:

ஒட்டாதும்மா. டெமோடெக்ஸ்னு கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி பெரியவங்க கிட்டத்தட்ட எல்லார் முகத்துலயும் இருக்கு. ரோசேஷியாக்காரங்களுக்கு அது கொஞ்சம் அதிகமா இருக்கும், அதனாலதான் சிலருக்கு ஐவர்மெக்டின் 1 சதவீத க்ரீம் எழுதறாங்க. அழுக்கால வர்றது இல்ல. தேய்ச்சுக் கழுவச் சொல்லாதீங்க, பயத்த மாவு ஸ்க்ரப்பும் வேணாம்.

மஞ்சக்குப்பம் ஓய்வூதியர்:

ஐயா, இரண்டு செய்திகள். முதலாவது, எனக்கு ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் ஆரம்பித்த பிறகுதான் முகச் சிவப்பு அதிகமானது. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டாம். நானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னேன், அவர் வேறு மாத்திரை மாற்றித் தந்தார்.

இரண்டாவது, கண். மணல் விழுந்தது போன்ற உறுத்தல், அடிக்கடி கண்கட்டி. முகத்துக்குத் தோல் மருத்துவர், கண்ணுக்குக் கண் மருத்துவர் என்று தனித்தனியாக அலைந்துகொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நோய் என்று கண் மருத்துவர்தான் கண்டுபிடித்தார். இமைக்கு மட்டும் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, இமை ஓரத்தைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். முகத்துக்குக் குளிர்ச்சி, இமைக்கு இளஞ்சூடு. என் மனைவிக்கு இது இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது, இரண்டு துணிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிடுகிறாள். கண் கூசினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஒத்தடத்தோடு நிற்காதீர்கள், அன்றே காட்டிவிடுங்கள்.

நெல்லித்தோப்பு நர்ஸ்:

எல்லாரும் நல்லா எழுதறீங்க. நான் ஒண்ணு சேர்க்கறேன். கன்னச் சிவப்பு எல்லாமே ரோசேஷியா இல்ல. மூட்டு வலி, அடிக்கடி காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுறது இதெல்லாம் சேர்ந்து இருந்தா லூபஸான்னு (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய்) ரத்தப் பரிசோதனை பண்ணணும். திட்டுல தொட்டா உணர்ச்சி குறைவா இருந்தா அது வேற, உடனே காட்டணும். கர்ப்பமா இருக்கிறவங்க டாக்ஸிசைக்ளின் சாப்பிடக் கூடாது, முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

அப்புறம் தைலம்! தலைவலின்னு நெத்தியில தேய்ச்சு, அதே கையால கன்னத்தையும் தடவிட்டு வந்து "சிஸ்டர் எரியுது"ம்பாங்க. கற்பூரம், மெந்தால் ரெண்டுமே ஆகாது. கத்தாழையை வெட்டினதும் வர்ற மஞ்சப் பாலோட பூசுறதும் அப்படித்தான். எலுமிச்சம்பழம் பத்தி நான் எதுவும் சொல்லல, சொன்னா கோவம் வந்துடும்.

பாகூர் மதினி:

எனக்கும் இதே தொந்தரவு. நாத்தனார் மகள் கல்யாணம் வருது, நலுங்குல எனக்கும் சேர்த்து மஞ்சள் பூசுவாங்க. வேணாம்னா அபசகுனம்பாங்க. என்ன பண்றது?

வில்லியனூர் பொண்ணு:

மதினி, எனக்கு எங்க அக்கா கல்யாணத்துல இதே பிரச்சனை. கை கால்ல எவ்வளவு வேணாலும் பூசுங்க, முகத்துல தாடைகிட்ட ஒரு தொடு தொட்டா போதும்னு அத்தைகிட்ட முன்னாடியே சொல்லி வச்சேன். அத்தைக்கு முகம் சுருங்கிப் போச்சு. போட்டோகிராபர் அண்ணன்கிட்ட காதுல போட்டேன். அவரு வந்து, "அத்தை, மூஞ்சில ரொம்ப அப்பினா லைட்டுக்குப் பளபளக்கும், படம் நல்லா வராது"ன்னாரு. அத்தை உடனே எல்லார் கிண்ணத்தையும் வாங்கி வச்சுட்டாங்க. காலையிலேயே க்ரீம் கனமாப் போட்டுக்கிட்டுப் போங்க, சடங்கு முடிஞ்சதும் ஈரத்துணியால ஒத்தி எடுத்துடுங்க. உங்க போட்டோகிராபர் நம்பர் இருக்கா?