புயலுக்கு முன் ஊராகச் செய்யக்கூடியவை: காற்றுக்கு முதலிடமா, தண்ணீருக்கு முதலிடமா?

கேள்வி: கடைமடைக் குடியானவன் (திருத்துறைப்பூண்டி வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில் புயல் முன்னேற்பாடு குறித்து ஒரு தீர்மானம் கொண்டுவர, எங்கள் ஊர் இளைஞர் மன்றமும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் முடிவு செய்துள்ளன. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், ஒரே இரவில் தோப்புகளையும் மின்கம்பங்களையும் கூரைகளையும் சாய்த்ததைக் கண்டவர்கள், காற்றைத் தாங்கும் ஏற்பாடே முதலில் வேண்டும் என்கிறார்கள். 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் கொட்டிய மழையில் சம்பா பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களோ, தண்ணீர் வடிய வழி செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை என்கிறார்கள். எங்களிடம் பணம் குறைவு. உழைக்க ஆட்கள் இருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1: கோரையாற்றங்கரை (மன்னார்குடி வட்டம்)

தம்பி, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. கஜாவைப் போன்ற காற்று ஒரு தலைமுறையில் ஓரிரு முறை வரும். 1952, 1977, 2018 என்று நாம் ஆண்டைச் சொல்லியே நினைவுகூர்கிறோம். ஆனால் கரையைத் தொடாமல் கடலிலேயே வலுவிழக்கும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட நம் வயலை மூழ்கடித்துவிடும், அதுவும் ஏறத்தாழ ஆண்டுதோறும். ஆட்பலம் மட்டுமே இருக்கும் ஊர் தன் கையால் செய்து முடிக்கக்கூடிய வேலையும் வடிகால் வேலைதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தூர்வாரும் பணிகள் பெரும்பாலும் ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பைக் கணக்கில் வைத்து, பாசன வாய்க்கால்களை முன்னிறுத்தியே நடக்கின்றன. சித்திரை, வைகாசியில் சுத்தமாக இருந்த வடிகாலில், ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் செழித்து, புரட்டாசிக்குள் மறுபடி மூடிக்கொள்கின்றன. எனவே புரட்டாசியில் ஒரு முறை, ஊரின் வடிகால் முழுவதையும் தலைப்பிலிருந்து ஆற்றில் சேரும் இடம் வரை நடந்தே பார்க்க வேண்டும். காட்டாமணக்கை வெட்டிக் கரையில் போட்டால் அந்தத் தண்டே மீண்டும் வேர் பிடித்துவிடும் என்பதால், வேரோடு பிடுங்கித் தண்ணீர் படாத மேட்டில் காயவைத்து எரிக்க வேண்டும்.

அப்படி நடந்து பார்க்கும்போது குழாய்ப் பாலங்களில் நின்று பாருங்கள். வீட்டுக்கும் களத்துக்கும் வண்டி போவதற்காக வாய்க்காலின் குறுக்கே சிறிய சிமெண்ட் குழாயைப் போட்டு மண் கொட்டியிருப்பார்கள். ஆறடி அகலத்தில் வரும் தண்ணீர் அந்த ஒரு முழக் குழாய்க்குள் நுழைய வேண்டும்; அதன் வாயில் ஒரு வைக்கோல் பிரியும் நாலு ஆகாயத்தாமரைச் செடிகளும் வந்து அடைத்தால், மேலே இருக்கும் வயல் அத்தனையும் ஏரியாகிவிடும். யார் வீட்டுக் குழாய் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவார்கள். கிராம சபைத் தீர்மானமாக வந்தால் தனிப்பட்ட பகை எழாது.

பெரிய வடிகால் ஆறுகளை நீர்வளத் துறைதான் தூர்வார முடியும். அதற்கு இப்போதே எழுத்து மூலமாக மனுக் கொடுத்து ஒப்புகை பெற்று வையுங்கள். வயலுக்கு அருகில் உள்ள சிறு வாய்க்கால்களை நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிவந்த ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க ஊராட்சியில் வலியுறுத்தலாம்.

பள்ளமான வயல்களுக்கு அடுத்த பருவத்திலாவது சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கியிருந்தாலும் மீண்டு வரும் ஆற்றல் அதற்கு உண்டு. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அண்மை ஆண்டுகளில் நவம்பர் 15 கடைசி நாளாக இருந்துவருகிறது. அது புயல் பருவத்தின் நடுப்பகுதி. கடைசி வாரத்தில் அடங்கலுக்காக (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) அலைவதைவிட, ஊராகச் சேர்ந்து அக்டோபரிலேயே முடித்துவிடுவது நல்லது.

மறுமொழி 2: தென்னந்தோப்பு (பேராவூரணி)

வடிகால் குறித்து ஐயா எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நெல் மூழ்கினால் போவது ஒரு பருவம்; தென்னை விழுந்தால் நெட்டை ரகம் மறுபடி காய்க்கத் தொடங்கவே ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். உங்கள் ஊரில் தோப்பு இருக்குமானால் காற்றை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களைப் பறித்து, கனத்த அடி மட்டைகளைக் கழித்து, தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். தலைப்பாரம் குறைந்த மரம் காற்றில் குறைவாகவே ஆடும். ஈரத்தில் இளகாத மண் வேரை விடாமல் பிடித்திருக்கும். சொல்வது எளிதுதான். ஆனால் அந்த இரண்டு நாட்களில் மரம் ஏறும் தொழிலாளர்கள் எவருக்கும் கிடைப்பதில்லை. ஐப்பசி தொடக்கத்திலேயே ஊர் முழுவதும் முறை வைத்துப் பறித்து முடித்துவிட்டால் அந்த நெருக்கடி வராது. தோப்பின் ஓரத்தில் சவுக்கை இரண்டு மூன்று வரிசையாக நடுங்கள்; வரப்பில் பனை விதையுங்கள். கஜாவில் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்த இடங்களில் பனைகள் நின்றதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பங்கு கால் பாகம்தான் என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குப் புயலுக்குப் பிறகே தெரியவந்தது. அதை உங்கள் கிராம சபையில் வாசித்தே காட்டுங்கள்.

மறுமொழி 3: அலையாத்தி (வேதாரண்யம்)

பயிரையும் மரத்தையும் பற்றி எழுதிய அண்ணன்மார்களுக்கு நன்றி. நான் சுய உதவிக் குழு ஒன்றில் இருப்பவள். மனிதர்களைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல விரும்புகிறேன்.

கூரை வீட்டிலும் பழைய ஓட்டு வீட்டிலும் இருப்பவர்கள், நடக்க இயலாத முதியோர், நிறைமாத கர்ப்பிணிகள் ஆகியோரின் பட்டியலைத் தெருவாரியாக எழுதி, எவரை எவர் அழைத்துச் செல்வது என்பதையும் பெயரோடு எழுதி வையுங்கள். "எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வதால் மட்டும் ஒரு பாட்டி வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார். ஆடும் மாடும் என்னவாகும் என்ற கவலைதான் பலரைக் கிளம்பவிடாமல் தடுக்கிறது. ஆகவே கால்நடைகளுக்கு ஒரு மேட்டு நிலத்தை முன்கூட்டியே குறித்து வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால் கயிற்றையாவது அவிழ்த்துவிட வேண்டும்.

இன்னொன்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். புயலின் கண் ஊரின் மேல் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். புயல் ஓய்ந்தது என்று நம்பி வெளியே வந்தால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் விழுவது அப்போதுதான். அதிகாரிகள் அறிவிக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது.

கஜாவுக்குப் பின் எங்கள் பக்கத்தில் பெரிதும் வாட்டியது குடிநீர். மின்சாரம் வாரக்கணக்கில் இல்லாததால், தொட்டி இருந்தும் தண்ணீர் ஏற்ற வழியில்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் தருபவரிடம் ஊராட்சி முன்கூட்டியே பேசி வைப்பதும், ஊரில் உள்ள கைப்பம்புகளை இப்போதே பழுது பார்ப்பதும் செலவு குறைந்த காரியங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேட்டவர்: கடைமடைக் குடியானவன்

அனைவருக்கும் மிக்க நன்றி. வடிகாலையே முதல் தீர்மானமாகவும், தெருவாரிப் பட்டியலை இரண்டாவதாகவும் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஆனால் எங்கள் வடிகால் அடுத்த ஊராட்சியின் எல்லைக்குள் போய்த்தான் ஆற்றில் சேர்கிறது. நாங்கள் சுத்தம் செய்தால் தண்ணீர் வேகமாக அவர்கள் வயலுக்கு வந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். இதை எப்படி அணுகுவது?

மறுமொழி: கோரையாற்றங்கரை

அவர்கள் அச்சம் நியாயமானதுதான், தம்பி. மேலே மட்டும் திறந்துவிட்டால் கீழே உள்ளவர்தான் மூழ்குவார். அதனால் வேலையை ஆற்றில் சேரும் இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். முதல் நாள் வேலை அவர்கள் எல்லையில் நடக்கட்டும். உங்கள் ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு அங்கே போய் நில்லுங்கள். கிராம சபைக்கு முன்பே அந்த ஊராட்சித் தலைவரையும் இரண்டு ஊர் விவசாயிகளையும் ஒரு நாள் வடிகால் கரையிலேயே சந்திக்க வைத்து, இரண்டு ஊராட்சியிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால், நீர்வளத் துறையிடம் மனுக் கொடுக்கும்போதும் அதற்கு வலு கூடும்.