பூம்பாறைப் பனியில் படம் ஏன் அழுக்காக வருகிறது: வேண்டியது எம் மோடா, நல்ல கண்ணா?

மலைப்பூண்டு:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் 1500டி கேமரா, கூடவே 18-55 லென்ஸ், வாங்கி மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிறு காலை ஆறரைக்குக் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைக்கு மேலே, மன்னவனூர் போகும் ரோட்டோரம் நின்று ஊரை எடுத்தேன். படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், நடுவில் நெருக்கியடித்த வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே பால் மாதிரி பனி. கேமராவில் வந்ததோ பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். ஊர் எங்கேயோ அடியில் ஒரு பிடி கூழாங்கல் கொட்டியது போல் கிடக்கிறது. பக்கத்தில் நின்றவர் செல்போனில் எடுத்தது என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். 18-ல் வைத்து ஆட்டோவில் எடுத்தேன். எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கும் எம் மோடு பழகினால் சரியாகுமா?

ஷட்டர்சத்தம்:
ஆகும் தம்பி. ஆட்டோவில் எடுக்கத்தான் செல்போன் இருக்கிறதே, அதற்கு எதற்கு இவ்வளவு காசு? முதல் நாளே டயலை எம்முக்குத் திருப்பிவிட்டு, இனி அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொள்ள வேண்டும். அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) மூன்றும் கைக்கு வந்தால்தான் கேமரா உன்னுடையது. நான் அப்படித்தான் கற்றேன். இரண்டு மாதம் எல்லாமே கருப்பு, இல்லாவிட்டால் ஒரே வெள்ளை. அப்புறம் வந்துவிட்டது.

ரோல்காரர்:
இரண்டு மாதம் பாழாக்கியதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குப் பனியும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெண்பனியைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எம் மோடுக்குப் போய் அந்த மீட்டரின் ஊசியைச் சுழியத்தில் நிறுத்தினால் கிடைப்பதும் அதே பாத்திரம் கழுவிய தண்ணீர்தான். என்ன, கொஞ்சம் உழைத்துப் பிடித்த தண்ணீர்.

மலைப்பூண்டு, டயலை ஏவியில் வையுங்கள். அதில் அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். அப்பர்ச்சர் எஃப் 8. பின்பக்கம் ஏவி என்று எழுதிக் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே மேலே உள்ள சக்கரத்தைத் திருப்பி +1க்குக் கொண்டுபோங்கள், வெளிச்சம் இரு மடங்காகும். எடுத்த பிறகு ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். மேடு நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும், ஆனால் வலது சுவரில் முட்டக் கூடாது. பனி வெள்ளையாகிவிடும்.

ஷட்டர்சத்தம்:
அண்ணே, ஊசியைச் சுழியத்தில் நிறுத்து என்று நான் எங்கே சொன்னேன்? ஏவியில் இந்தப் பக்கம் பார்த்தால் பனி, கொஞ்சம் திரும்பினால் பைன் காடு. திரும்பத் திரும்ப மீட்டர் தன் இஷ்டத்துக்குத் தாவும். ஒரே இடத்தில் நின்று எடுத்த பத்துப் படமும் பத்து வெளிச்சத்தில் இருக்கும். எம்மில் பனிக்குச் சரியாக ஒருமுறை வைத்துவிட்டால் ஆடாமல் நிற்கும்.

ரோல்காரர்:
அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பனி ஆடாமல் நிற்கிறதா? திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். 1500டியில் இருப்பதோ ஒரே சக்கரம். எம்மில் அப்பர்ச்சரை மாற்ற அதே பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். டிசம்பர் காலையில் விரல் விறைத்துப் போய் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் முடிப்பதற்குள் ஊர் மறைந்திருக்கும்.

கம்பளிக்காரி:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் படத்துக்கு வருகிறேன். தம்பி, 18-ல் எடுத்ததுதான் முதல் தப்பு. அகலமாக எடுத்தால் தூரத்தில் இருப்பது இன்னும் சின்னதாகிவிடும், அதனால்தான் ஊர் கூழாங்கல் ஆனது. ஜூமை 55க்குத் தள்ளு. வானத்தை வெட்டு. இறங்கி வரும் வரப்பு நாலைந்து, கூரைகள் கொஞ்சம், ஓரமாகப் பனி. போதும். மலைக்கு வருகிறவர்கள் எல்லோருமே மொத்த மலையையும் மூட்டை கட்டி எடுத்துப்போகப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. இந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது, வரப்போகும் படத்தில் சுமார் 95 சதவீதம்தான் தெரியும். மிச்ச ஓரத்தில் கரண்ட் ஒயர், பக்கத்தில் நிற்பவர் முழங்கை எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாமல் ஒரு வருடம் என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன்.

ஷட்டர்சத்தம்:
55 பத்தாது அக்கா. ஒரு 50 எம்எம் 1.8 வாங்கிப் போடட்டும். படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து முக்கியமானதை அந்தக் கோட்டில் வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதியையும் சொல்லிக்கொடுங்கள்.

கம்பளிக்காரி:
55 பத்தாதாம், 50 பத்துமாம்! இதில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சார் சின்னது, 1.6 மடங்குக் கணக்கு. 50 போட்டால் ஃபிலிம் கேமராவின் 80 மாதிரி. வீட்டில் குழந்தை முகம் எடுக்க நல்ல லென்ஸ்தான், நானே வைத்திருக்கிறேன். தூரத்து ஊருக்கு 1.8 வரை அகலத் திறக்கும் லென்ஸ் எதற்கு?

ரோல்காரர்:
அந்த மூன்றில் ஒரு பங்குக்குப் பெயர் வைத்து எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், 1797-ல். புகைப்படம் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பு. பழகிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பாதிப் படத்தைப் பனி விழுங்கிவிட்ட இடத்தில் எந்த மூன்றில் எந்தப் பங்கு?

வத்தலக்குண்டு வாசி:
செகண்ட் ஹேண்ட் என்றீர்களே, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? சிலந்தி இழை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அது முற்றினாலும் படம் மங்கும். எனக்கு விற்றவர் தூசி என்றார், நானும் நம்பித் துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம், மலை இறங்கியதும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பையைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த கேமரா குப்பென்று வேர்த்துவிடும். பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.

மலைப்பூண்டு:
எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறும் போனேன். பூஞ்சை இல்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். ஏவி, எஃப் 8, +1, ஐஎஸ்ஓ 400. பனி வெள்ளையாகவே வந்தது! 55-ல் வரப்புகள் பாய் விரித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்கின்றன. வலது மூலையில் ஒயர். அக்கா சொல்லியும் விட்டுவிட்டேன்.

ஆனால் நல்ல படம் அது இல்லை. திரும்பும்போது ஒரு பாட்டி பூண்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து வெளியே வந்தார். ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. ஆள் ஆடிப்போயிருக்கிறார். பார்த்தால் ஷட்டர் 1/40 நொடி.

ஷட்டர்சத்தம்:
அண்ணே, பார்த்தீர்களா? நீங்கள் கொடுத்த +1 சும்மா வரவில்லை. 1/80-ஐப் பாதியாக்கித்தான் வந்தது. எம்மில் இருந்திருந்தால் ஷட்டர் எவ்வளவு என்று கை கேட்டிருக்கும்.

ரோல்காரர்:
ஐஎஸ்ஓவை 1600 வைக்கச் சொல்லாதது என் தப்பு, 1/160 கிடைத்திருக்கும். அதற்கும் எம் வேண்டாம்.

ஷட்டர்சத்தம்:
வேண்டும்.

மலைப்பூண்டு:
படம் வந்ததா என்று பாட்டி கேட்டார். ஆடிவிட்டது என்றேன். "நான் எங்கடா ஆடினேன்?" என்றார். அடுத்த ஞாயிறும் அந்த வழியாகத்தான் வருவாராம். 1600 வைத்துக்கொள்கிறேன். எம்மா ஏவியா என்பதை அதற்குள் முடிவு செய்து சொல்லுங்கள்.