சொல் வேண்டும்: நடக்காததை ஏற்றுப் படிக்கும் மனநிலைக்கு (சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பாடம்)

சாட்ஸ்வொர்த், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு பாடத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். சூப்பர்ஹீரோ காமிக்ஸும் அரசியலும் என்பது தலைப்பு. வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

கதை படிக்கும்போது 'இதெல்லாம் நடக்குமா' என்ற கேள்வியை நாமாகவே கொஞ்ச நேரம் எடுத்து வைத்துவிடுகிறோம் அல்லவா? அதற்கு ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-ல் ஆங்கிலத்தில் ஒரு தொடர் கட்டிவைத்தார். நம்பாமையை, மனமுவந்து, அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்திவைத்தல் என்று விரிக்கலாம். எனக்கு வேண்டியது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் நுழையும் ஒரு சொல். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம், தமிழ் வாரத்துக்கு ஒரு காலைதான்.

போன வகுப்பில் 'பிளாக் பேந்தர்' கதையில் வரும் கற்பனை ஆப்பிரிக்க நாடான வக்காண்டா பற்றிப் பேச்சு வந்தது. படத்தில் அந்நாட்டவர் பேசுவது எங்கள் தென்னாப்பிரிக்க மொழியான இசிகோசா என்பதால் இங்கே அதன்மேல் தனிப் பிரியம். வானத்திலிருந்து விழுந்த வைப்ரேனியம் என்ற உலோகம், உட்கொண்டால் பலம் தரும் மூலிகை, இதையெல்லாம் ஒரு பிள்ளையும் கேள்வி கேட்கவில்லை. ஒரு சிறுமி கேட்டது வேறு: "பக்கத்து நாட்டு மக்களை அடிமையாகக் கப்பலில் ஏத்தினப்போ, இவ்வளவு பலம் இருந்தும் இவங்க ஏன் டீச்சர் சும்மா இருந்தாங்க?"

உலோகத்தில் அவளுக்குச் சிக்கலே இல்லை. அந்த நாடு வாய்மூடி இருந்ததுதான் அவளுக்குச் செரிக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சொல் கையில் இருந்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். 'அவநம்பிக்கை இடைநிறுத்தம்' என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். அவநம்பிக்கை என்றால் ஆள்மேல் நம்பிக்கை போவது. இடைநிறுத்தம் என்றால் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்குவது. அதில் கதை வாசனையே இல்லை. உதவுங்கள்.

போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்

அக்கா, வணக்கம். 'ஐயமொதுக்கல்' என்று வையுங்கள். 'ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு' என்கிறார் வள்ளுவர். அங்கே ஐயம் ஒரேயடியாகத் தீர்ந்துபோகிறது. நமக்கு அது தீர வேண்டாம், ஓரமாக இருந்தால் போதும். படித்து முடித்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் நீக்கம் என்று சொல்லாமல் ஒதுக்கல் என்கிறேன். வடசொல் கலப்பும் இல்லை.

1938-ல் சூப்பர்மேன் முதன்முதலாக வந்த கதையைப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே எறும்பையும் வெட்டுக்கிளியையும் காட்டி, எறும்பு தன் எடையைப்போல் பல மடங்கு தூக்கும்போது இவன் தூக்கினால் என்ன என்று கேட்டுவிடுகிறார்கள். அப்போது அவனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். வாசகர் ஐயத்தை ஒதுக்க ஆசிரியரே கை கொடுக்கிறார். அதே கதையின் கடைசியில், செனட்டரைக் கைக்குள் போட்டிருக்கும் ஒரு தரகனைத் தூக்கிக்கொண்டு கம்பிமேல் ஓடுகிறான். கம்பிமேல் ஓடுவதைத்தான் ஒதுக்கிப் படிக்க வேண்டும். விலைபோகிற செனட்டர் பற்றி அந்தக் காலத்து வாசகருக்கு ஐயமே எழுந்திருக்காது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, தம்பி, இருவருக்கும் வணக்கம். தமிழில் இதற்குச் சொல் இல்லை என்ற நினைப்போடு தொடங்குவதே எனக்கு வருத்தம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை எடுங்கள். எட்டு மெய்ப்பாடுகளில் நான்காவது மருட்கை. அது எதிலிருந்து பிறக்கும்? 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.' காமிக்ஸ் சரக்கு மொத்தமும் இந்த நான்கில் அடங்கிவிடுகிறது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன் புதுமை. பச்சை நிறத்தில் ஊதிப் பெருக்கும் ஹல்க் பெருமை. எறும்பளவு சுருங்குகிறவன் சிறுமை. சிலந்தி கடித்து வேறு ஆளாவது ஆக்கம். 'மதிமை சாலா' என்ற அடையையும் விட்டுவிடாதீர்கள். அறிவு கணக்குப் போட்டு அளக்காத நிலை அது. கோல்ரிட்ஜ் தேடியது இதைத்தானே?

சொல்லின் வேரையும் சொல்லிவிடுகிறேன். மருள், மருட்சி, மருட்கை ஒரு குடும்பம். மால், மயல், மையல், மயக்கம் பக்கத்துக் குடும்பம். பகலும் இரவும் மயங்குவதால் அது மாலை. 'மதிமருண்டு மாலை படர்தரும் போழ்து' என்று மருளையும் மாலையையும் வள்ளுவர் சேர்த்து வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கூத்துக்குத் திரை கட்டுவதும் மாலைக்கு அப்புறம்தான்.

1976 ஜனவரி வரை இந்த நாட்டில் டெலிவிஷன் கிடையாது. படக்கதைதான் எங்களுக்கு எல்லாம். பிற்பாடு முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்தபோது, மின்சாரம் பாய்ந்து ஆள் மறைந்து கை மட்டும் மிதந்து வருவதை அப்படியே ஏற்றேன். உடுத்திய துணி எப்படிச் சேர்ந்து மறைந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை. அது மருட்கை. ஐயத்தை எடுத்து ஒதுக்கியதாக எனக்கு நினைவே இல்லை.

சாட்ஸ்வொர்த், டர்பன்

ஐயா, தம்பி, நன்றி. இரண்டு சொல்லையும் பாடத்தாளில் போட்டுப் படித்துப் பார்த்தேன்.

தம்பி, அதே தாளில் இரண்டாம் பத்தியில் 'இனவொதுக்கல்' என்று இருக்கிறது. அப்பார்ட்ஹைட்டுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல். சாட்ஸ்வொர்த்தே அந்த ஒதுக்கலில் பிறந்த ஊர். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, இருந்த வீட்டைக் காலி செய்ய வைத்து இந்தியர்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் அப்படி வந்தவர்கள். அந்த ஒதுக்கலை அடுத்த பத்தியில் கதை படிக்கும் இன்பத்துக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐயா, நூற்பாவை நீங்கள் நான்காகப் பிரித்ததை அப்படியே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் மருள் நம்மேல் வந்து இறங்குவது. தைப்பூசக் காவடியில் மருள் வந்தவரிடம் 'விரும்பித்தான் வரவழைத்தீர்களா' என்று யாரும் கேட்பதில்லை. கோல்ரிட்ஜ் சொன்னதில் உயிர்நாடி 'மனமுவந்து' என்பது. வாசகர் மனம் வைத்துக் கொடுக்கிறார், வேண்டாம் என்றால் திருப்பி வாங்கிக்கொள்கிறார். காமிக்ஸில் அரசியல் முக்கியமாவது அந்தத் திருப்பி வாங்கும் இடத்தில்தான்.

இந்த ஊர்க் கதையையே சொல்கிறேன். 1970களின் நடுவில் இங்கே 'மைட்டி மேன்' என்று ஒரு காமிக்ஸ் வந்தது. கறுப்பின நாயகன், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பான சோவெட்டோவில் கதை, அப்படிப்பட்ட டவுன்ஷிப் மக்கள் வாங்கிப் படிக்க வேண்டும் என்று போட்டது. பின்னாலிருந்து ரகசியமாகப் பணம் கொடுத்தது அரசாங்கம். நாயகனுக்கு மனிதருக்கு இல்லாத பலம் உண்டு. அதை வைத்துக்கொண்டு அவன் குற்றவாளிகளைப் பிடிப்பான். கறுப்பர்கள் எப்போதும் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டான பாஸ் புத்தகம் கையில் இல்லை என்று ஆட்களைத் தெருவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. கதையிலோ இனவொதுக்கல் பற்றிய பேச்சே கிடையாது. 1976 ஜூன் 16-ல் ஆஃப்ரிகான்ஸ் பயிற்றுமொழித் திணிப்பை எதிர்த்து சோவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கொந்தளிப்பில் இந்தக் காமிக்ஸை விற்ற கடைகளும் எரிந்தன. நாயகனின் பலம் நம்பும்படி இல்லை என்றா கொளுத்தினார்கள்? தான் குடியிருக்கும் தெருவைப் பற்றியே தன்னிடம் பொய் சொன்னால் யார் பொறுப்பார்?

மறுபக்கத்துக்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. கண்ணகி முலையைத் திருகி எறிந்ததும் மதுரை பற்றி எரிகிறது. நாம் யாரும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடுவதில்லை. காரணம் வழக்குரை காதையில் இருக்கிறது. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைக்கிறாள், 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே'. விசாரிக்காமல் ஆளைக் கொன்ற அரசு அந்த ஒரு பரலில் பிடிபடுகிறது. நீதி தவறிய விதத்தை இளங்கோ இவ்வளவு திருத்தமாகக் காட்டியதால் தீயை மனம் ஏற்றுக்கொள்கிறது. 'அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்' என்று பதிகமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது.

ஆகவே 'கதையிசைவு' என்று வைக்கலாமா? கதைக்கு வாசகர் தரும் இசைவு. தரலாம், மறுக்கலாம், திரும்பப் பெறலாம் என்று எந்த வினையோடும் ஒட்டிப்போகிறது. அது போய்விட்டால் 'இசைவு முறிவு'.

செயின்ட் டெனிஸ், ரெயூனியன்

அக்காவின் சொல்லுக்கு என் வாக்கு. பிரெஞ்சில் இந்தத் தொடரைச் சொல்லும்போதே 'இசைந்து தரும்' என்ற அடைமொழி பெரும்பாலும் சேர்ந்து வரும். எங்கள் தீவில் நாடகம் என்ற தமிழ்ச்சொல் 'நார்ல்கோன்' என்று உருமாறி இன்னும் வாழ்கிறது. இரவு முழுக்க நடக்கும். பாட்டின் பொருள் தெரியாதவர்களும் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். மருள் வந்து உட்கார்ந்திருப்பதாக நான் சொல்லமாட்டேன். தெரிந்தே மனம் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

லெனேசியா

எனக்கு ஒரே ஒரு கேள்வி. 'லாஜிக் பார்க்காதே' என்றுதானே எல்லோரும் பேசுகிறோம்? பிள்ளைக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். அதிலிருந்து ஒரு பெயர் எடுத்தால் என்ன? மீறினால் 'காதில் பூ சுற்றுகிறார்கள்' என்று சொல்லவும் வழக்கு இருக்கிறதே.

பாடத்துக்கு இன்னொரு உதாரணம்: 1972-ல் ஃபன்டாஸ்டிக் ஃபோர் இதழில் ருட்யார்டா என்ற கற்பனை நாட்டை வைத்து நம் நாட்டு இனவொதுக்கலைக் காட்டினார்கள். அதே கதையில் பிளாக் பேந்தர் தன் பெயரை பிளாக் லெப்பர்ட் என்று மாற்றிக்கொள்கிறார். அமெரிக்காவில் பழைய பெயரிலேயே ஓர் அரசியல் கட்சி இருந்ததுதான் காரணம். கற்பனை நாட்டுக்குள் இருந்தாலும் வெளியே நடப்பதைத் தப்ப முடியவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

லாஜிக் என்ற சொல்லைத் தமிழ்க் கலைச்சொல்லுக்குள் விட நான் ஒப்பமாட்டேன். ஏரணம் இருக்கிறது, தருக்கம் இருக்கிறது. பிரெஞ்சில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் நமக்குச் சான்று ஆகாது.

'கதையிசைவு' என்று படித்ததும் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது இசை, அதாவது பின்னணி இசை. பாட்டும் இசைதான், ஒப்புதலும் இசைதான். உயிர் உசிர் ஆவதுபோல் இயை இசை ஆயிற்று என்பது என் துணிபு. அப்படியானால் 'கதையியைபு' என்பதே மூலத்துக்கு நெருக்கம். ஆனால் யாப்பில் இயைபு வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதையும் நானே தள்ளுகிறேன்.

பெரிய ஆட்சேபம் இனிமேல்தான். நேட்டாலில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாறிப்போன நம் தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். திரௌபதி சபையில் அழுதுகொண்டிருக்கும்போது கட்டியங்காரன் நடுவே புகுந்து இன்றைய விலைவாசியையும் கவுன்சிலரையும் பேசிவிட்டுப் போவான். கூட்டம் சிரிக்கும், அடுத்த நொடி திரௌபதிக்காகக் கண்ணைத் துடைக்கும். அரசியல் வந்து எதுவும் கலையவில்லையே அம்மா?

சாட்ஸ்வொர்த், டர்பன்

ஐயா, அரசியல் வந்தால் கலையும் என்று நான் சொல்லவில்லை. பொய்யான அரசியல் வந்தால் கலையும் என்கிறேன். கட்டியங்காரன் பேசுவது அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் காலையில் கடையில் கொடுத்த விலை. அது உண்மை என்பதால், மீசையை மழித்துச் சேலை கட்டிய ஆணைத் திரௌபதியாக ஏற்க அவர்களுக்கு இன்னும் எளிதாகிறது. நீங்கள் காட்டிய கூத்து என் பக்கம்தான் பேசுகிறது.

லெனேசியா நண்பருக்கு: 'லாஜிக் பார்க்காதே' நல்ல வழக்கு, விளக்க வரியில் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அது வாசகரைப் பேசாமல் இரு என்கிறது. என் மாணவி லாஜிக் பார்த்தவள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்

சொல்லுக்காக இவ்வளவு நேரமா என்று யாராவது நினைத்தால் ஒன்று சொல்கிறேன். 1998-ல் எங்கள் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்துக்கு முன்னால் இந்தி எழுத்து போய்விட்டது. தமிழர்கள் விடவில்லை. அச்சடித்து வெளிவந்த நோட்டுகளையே கடைசியில் திரும்பப் பெற்றார்கள். எழுத்தின் இடத்துக்கே அப்படி என்றால் சொல்லின் பொருளுக்கு எவ்வளவு வேண்டும்?

இனவொதுக்கல் பற்றி அக்கா சொன்னதை ஏற்கிறேன். இங்கிருந்து பார்த்தால் அந்த வலி தெரிவதில்லை. டர்பன் தாளுக்குக் கதையிசைவு இருக்கட்டும். மொரீஷியஸில் நான் ஐயமொதுக்கல் என்றே எழுதுவேன்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

நாளை காலை அச்சகம். 'கதையிசைவு' என்றே போகிறது. முதல் முறை வரும் இடத்தில் 'நடக்குமா என்று கேட்காமல் கதைக்கு நாம் மனமுவந்து தரும் இசைவு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மருட்கை நூற்பா தனிக் கட்டத்தில், ஐயா சொன்ன நான்கு உதாரணங்களோடு வருகிறது. மைட்டி மேனுக்கு அரைப் பக்கம், வழக்குரை காதைக்கு அரைப் பக்கம். அந்தச் சிறுமியின் கேள்வியைப் பயிற்சி வினாவாக வைத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அச்சிடுங்கள் அம்மா, பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. என் வாக்கு மருட்கைக்கே. இசைவு என்றால் வாசகர் பக்கத்து வேலை மட்டும்தான் தெரிகிறது. கதை வந்து ஆளைப் பிடிக்கும் பாதி அதில் இல்லை. 'இசைவு முறிவு' என்பதை மட்டுமாவது மறுபடி யோசியுங்கள். மருளுக்கு எதிர்ச்சொல் தெருள் என்று ஆயத்தமாக இருக்கும்போது முறிவு எதற்கு? அடுத்த அச்சுக்குள் தெருள் பற்றி விரிவாக எழுதுகிறேன். அச்சகத்தாரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: வரி முடிவில் 'கதையி' என்று ஒரு பக்கமும் 'சைவு' என்று மறுபக்கமும் உடைத்துவிடப் போகிறார்கள்.