புதுப்பிப்பு: அக்ரிலிக் அந்திவானத்தில் மஞ்சளும் நீலமும் சேருமிடத்தில் படிந்த பச்சை

கன்னியாகுமரிக் கடலில் சூரியன் மறையும் காட்சியை அக்ரிலிக்கில் தீட்டும்போது, அடிவான மஞ்சளும் மேல்வான நீலமும் கலக்குமிடத்தில் அழுக்குப் பச்சை படிகிறது என்றும், வண்ணம் விரைவில் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரிகிறது என்றும் முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பச்சையைப் போக்கியது, இரண்டுக்கும் நடுவே மெஜந்தாவை வெள்ளையுடன் கலந்து இளஞ்சிவப்பாக இடச் சொன்ன யோசனைதான். ஒருபுறம் மஞ்சள் ஆரஞ்சாகவும் மறுபுறம் அல்ட்ராமரின் நீலம் ஊதாவாகவும் மாறியதால், மஞ்சளும் நீலமும் நேரடியாகச் சந்திக்கவே இல்லை. பட்டைகள் மறைய, கேன்வாஸை முதலில் நனைத்துவிட்டு, இடையிடையே நீரை நுண்தூறலாகத் தெளித்து, அகலத் தூரிகையைக் கிடைமட்டமாக இழுத்ததே போதுமானதாக இருந்தது. வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தக் கலக்கும் ரிடார்டரும் உதவியது, ஆனால் அளவு கூடினால் பரப்பு நெடுநேரம் பிசுபிசுக்கிறது என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எதிர்பாராத ஒன்று: நிறமியைப் பிடித்து வைக்கும், ஈரத்தில் வெண்மையாக இருக்கும் அக்ரிலிக் பிணைப்பான் காய்ந்ததும் தெளிந்துவிடுவதால், கடலின் நீலம் மறுநாள் ஒருபடி கருத்திருந்தது. அதனால் அடுத்த பூச்சுகளுக்குத் துண்டுத் தாளில் பூசி, காய்ந்த பிறகே நிறத்தை முடிவு செய்தேன். நீரின் மேல் விழும் ஒளித்தடத்தை, கடல் முழுதும் உலர்ந்த பின், காட்மியம் மஞ்சளும் வெள்ளையும் தொட்ட உலர்தூரிகையால், அடிவானத்தருகே நெருங்கிய மெல்லிய கோடுகளாகவும், கரையை நெருங்க நெருங்க இடைவெளி விட்ட அகலக் கோடுகளாகவும் இட்டேன்.